நீர்க்கடுப்போடு வரும் ஆண்களை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மருத்துவம் பார்க்கும் ஹோமியோபதி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

நான் ஆய்வக நுட்பநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆண்கள் வந்து சேரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். "சூடு பிடித்துக்கொண்டது" என்று மோரும் இளநீரும் குடித்துப் பார்ப்பார்கள். பிறகு மருந்துக் கடையில் மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவார்கள். அடங்கிய எரிச்சல் மறுபடி தலைகாட்டியதும் உங்களிடம் வருவார்கள். அந்த அரைகுறை மாத்திரையால் வந்த வினைக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆணுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. சிறுநீர்ப்பையிலிருந்து நீர் வெளிவரும் குழாயான சிறுநீர்த் தாரை ஆணுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு 4 தான். அவ்வளவு தூரம் கடந்து கிருமி நிலைத்துவிட்டதென்றால், வீங்கிய புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி), கல், கட்டுக்குள் வராத சர்க்கரை, முழுதும் வெளியேறாமல் பையில் தேங்கும் சிறுநீர் என ஏதோ ஒன்று அதற்கு இடங்கொடுத்திருக்க வாய்ப்பு மிகுதி. புராஸ்டேட்டுக்குள் கிருமி குடிகொண்டால், அங்கே மருந்து எளிதில் ஊடுருவாது என்பதால், பொருத்தமான ஆன்டிபயாட்டிக்கையே நான்கு முதல் ஆறு வாரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்நோய் தானாகவே ஏறி இறங்கும். எரிச்சல் தணிந்த வாரத்தில் நாக்கில் எந்த உருண்டை இருந்ததோ, பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

லாரி ஓட்டும் என் மைத்துனர் எட்டு மாதம் காந்தாரிஸ் 30 சாப்பிட்டார். உட்கொண்டால் நீர்க்கடுப்பை உண்டாக்கும் ஒரு வண்டிலிருந்து எடுப்பது அது. ஒத்ததை ஒத்தது தீர்க்கும் என்ற, ஹோமியோபதியை நிறுவிய ஹானிமனின் கொள்கைப்படி தேர்ந்த மருந்து. நூற்றுக்கு ஒன்றாக 30 முறை நீர்த்தபின் அதில் வண்டின் கூறு எதுவும் எஞ்ச வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வு மன்றமும், ஹோமியோபதி எந்த நோய்க்கும் பயனளிப்பதாக நம்பத்தக்க சான்றில்லை என்று 2015இல் கூறிவிட்டது. நானும் அப்படித்தான் கருதுகிறேன். ஆனால் அந்த வழக்கை இங்கே நடத்த வரவில்லை. எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அவருக்குக் கல்ச்சரோ (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஸ்கேனோ எழுதித் தரப்படவில்லை என்பதே என் வருத்தம். குளிர்காய்ச்சலில் படுத்த பிறகுதான், சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்ததும் பையில் கல் இருந்ததும் தெரிந்தன.

ஆகவே, இத்தகைய ஆண் எவர் வந்தாலும், முதல் உருண்டையைக் கொடுக்குமுன் சிறுநீர்க் கல்ச்சர், இரத்தச் சர்க்கரை, சிறுநீர் கழித்தபின் எடுக்கும் ஸ்கேன் ஆகிய மூன்றுக்கும் சீட்டு எழுதுங்கள். இரு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாதிரியை வீட்டில் பிடித்துப் பேருந்தில் கொண்டுவராமல் ஆய்வகத்திலேயே, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும் பிடித்துத் தரச் சொல்லுங்கள்; வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகி முடிவே தவறிவிடும். காய்ச்சல், நடுக்கம், விலாவுக்குக் கீழே வலி, சிறுநீரில் இரத்தம், நீரடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே தரும் மாத்திரையை இடையில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
பாலக்கோடு