தெலுக் ஆயர் தாவார் கரையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் உள்ள தெலுக் ஆயர் தாவார் கடற்கரைக்குப் பறவை பார்க்கச் சென்ற நாங்கள் ஐந்து நண்பர்களும், அன்று எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடல் வழியாக நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

எங்கள் ஐவரில் ஒருவர் இனிப்பு நீர் (நீரிழிவு) நோயால் சென்ற ஆண்டு இடக்காலை இழந்தவர். எங்களுக்குப் பறவை பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கியவரும் அவர்தான். சக்கர நாற்காலியோடு சேற்றுக்கரைக்கு எப்படிப் போவது என்று அவர் தயங்கியபோது, தைரியம் சொன்னவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஐயா. கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் முழுதும் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்கும்படி அவர் கூறியதுதான் அந்த நாளைக் காப்பாற்றியது. நீர் வற்றிய வேளையில் கரைப்பறவைகள் சேற்றுவெளியில் வெகுதூரம் சென்று மேயும். கரையில் நிற்பவருக்கு வெறும் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏற ஏற, மேயும் இடம் சுருங்கி, அவை கரையோரமாக ஒதுங்கி வரும். "நீங்கள் பறவையிடம் போக வேண்டாம், அது உங்களிடம் வரும்" என்று ஐயா நண்பரிடம் சொன்னார். அப்படியே வந்தது.

ஆனால் கரைக்குச் செல்லும் மண்பாதை முந்தைய இரவு மழையில் குழைந்திருந்தது. நாற்காலியின் சக்கரங்கள் புதைந்து நாங்கள் திகைத்து நின்றபோது, அக்கிராமத்து மலாய் மீனவர் ஒருவர், நாங்கள் கேட்காமலே, தம் படகிலிருந்து நான்கு பலகைகளை எடுத்து வந்தார். நாற்காலி கடந்த பலகையைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட்டு, மீண்டும் எடுத்து மீண்டும் போட்டு, ஏறக்குறைய ஐம்பது அடி தூரத்தை அவரே குனிந்து குனிந்து கடத்திவிட்டார். நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். அவருடைய துணைவியார் அனைவருக்கும் கோப்பி கொடுத்தார்; எங்கள் தங்கை கட்டித்தந்த சர்க்கரைப் பொங்கலில் பாதி அவர்கள் வீட்டுக்குச் சென்றது.

ஆசிரியர் ஐயா தம் தொலைநோக்கியின் முக்காலியை நாற்காலியின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார். மற்ற நால்வரும் மண்டியிட்டே பார்த்தோம். பெரிய கோட்டான் ஒன்று (இது ஒரு கரைப்பறவை; ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் வேறு) வளைந்த நீண்ட அலகைச் சேற்றில் அடிவரை செலுத்தி ஒரு நண்டை இழுத்தது. கால்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும்வரை உதறி, உடலை மட்டும் விழுங்கியது. அதை நண்பர் எங்களுக்கு முன்பே கண்டு, வாய்விட்டுச் சொன்னார். மருத்துவமனையிலிருந்து வந்தபின் அன்றுவரை அவருடைய அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

நமக்குக் குளிர்காலம் இல்லை. சைபீரியாவின் குளிர்காலந்தான் இப்பறவைகளை நம் கரைக்கு அனுப்புகிறது. அருகிவரும் நார்ட்மன் பச்சைக்காலி என்னும் கரைப்பறவையும் இங்கு வருவதுண்டு. அன்று கண்ணில் படவில்லை. பவளக்காலிகள் நிறையவே இருந்தன. 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக இத்தகைய கரைகளில் வெயிலில் நின்று எண்ணிவரும் தன்னார்வலர்களுக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். இக்கரையின் அருமை எங்களைப் போன்றோருக்குத் தெரிய வந்தது அவர்களால்தான்.

வேனைத் தந்துதவிய அண்ணனுக்கும், திரும்பும் வழியில் வயல்வெளி மின்கம்பியில் அமர்ந்திருந்த பழுப்புக் கீச்சானை நண்பர் பார்ப்பதற்காக நாங்கள் வண்டியை நிறுத்தியபோது ஹாரன் அடிக்காமல் பின்னால் காத்திருந்த லாரி ஓட்டுநருக்கும் எங்கள் நன்றி.

மார்ச்சு மாதத்தில், பறவைகள் வடக்கே திரும்புமுன், மீண்டும் வருகிறோம். அப்போது அந்த மீனவர் பெரியவருக்கு நல்ல பலகை ஒன்று கொண்டுவருவோம். நாற்காலியின் பாரத்தில் அவருடைய பலகைகளில் ஒன்று விரிசல் விட்டுவிட்டதை, வண்டியில் ஏறிய பிறகுதான் கவனித்தோம். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் நண்பர்கள் ஐவர்