மஸ்கட் மைனருக்கு

தூத்துக்குடி
16.12.2024

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். உன் பணம் வந்து சேர்ந்தது. 'ஸ்டாருக்கும் ஏழைகளுக்கும்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்புகிறவன் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். ஸ்டார் வாங்கி மாடியில் கட்டியாச்சு. மற்றது அப்படியே பையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று மகிழும் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, கோவிலில் ரோஸ் மெழுகுதிரி ஏற்றினார்கள். லூக்கா மூன்றாம் அதிகாரம். நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று ஆளாளுக்குத் திருமுழுக்கு யோவானிடம் வந்து கேட்கிறார்கள். வரி தண்டுகிறவன் கேட்கிறான், படைவீரன் கேட்கிறான். அவர் யாரையும் வேலையை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வரச் சொல்லவில்லை. ரெண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு, கூடுதலாக வசூலிக்காதே, மிரட்டிப் பணம் பறிக்காதே, அவ்வளவுதான். பிரசங்கம் அதைவிட ரொம்ப நீளம். பெரியவன் வழக்கம்போல் தூணுக்குப் பின்னால் தூங்கினான்.

எனக்கு அந்த வாசகம் முழுக்க உப்பளத்துத் தாத்தா ஞாபகம்தான். நாம் பந்து எடுக்கப் போய் அடி வாங்கினோமே, அவரேதான். ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில் வீடு சந்திக்கப் போகும்போது அவர் வீடு என் முறையில் வந்தது. (சிரிக்காதே. ஓசானாம் 1833-ல் பாரிஸில் இந்தச் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. நம்ம கோவில் பங்கில் 47 வயதில் நான்தான் வாலிபன்.) அரிசி மூட்டையைக் கொண்டுபோய் வைத்தால் தாத்தா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அரிசி ரேசன்லயே இருக்கு, எனக்குத்தான் ரேகை விழ மாட்டேங்குது" என்கிறார்.

ரேசன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து அந்த மெஷினில் வைத்தார்கள். ஒன்றுகூட விழவில்லை. காலமெல்லாம் உப்பு வாரின கை, பெருவிரல் பளிங்கு மாதிரி வழவழவென்று கிடக்கிறது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். இந்த நாளைக்கு எத்தனை மாதமாக நடக்கிறதோ. முடியாதவர்களுக்குப் பதில் வேறு ஆள் பொருள் வாங்க ஒரு படிவம் உண்டு. அதை எழுத, கையெழுத்து வாங்க, கூட அலைய ஆள் வேண்டும். அதுதான் இல்லை.

உனக்குத் தெரியாததில்லை, ஐப்பசி மழை பிடித்தால் தை வரைக்கும் அளத்தில் வேலை கிடையாது. அரசு தரும் 5000 ரூபாய் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளைக்குக் காணும்? திருவருகைக் காலம் சரியாக அந்தப் பஞ்சத்துக்குள்தான் வருகிறது. நாமோ 24-ஆம் தேதி ராத்திரி ஒரு பையில் கேக்கும் சேலையும் போட்டு, பேனர் பிடித்து, போட்டோ எடுத்து, அந்தக் கிழவியைச் சிரிக்கவும் சொல்கிறோம். முதியோர் இல்லத்தில் 25-ஆம் தேதி ஒரே மதியத்துக்கு நாலு குழு பிரியாணியோடு வந்து நிற்கும். ஜனவரியில் ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. இதைக் கூட்டத்தில் சொன்னேன், தலைவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. சுருங்கட்டும்.

போன வருடம் இதே வாரம் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்போது குடிலாவது ஸ்டாராவது, எவனாவது நினைத்தானா? இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நம்ம பயல்கள் போனார்கள், யார் வீடு, எந்தச் சாமி என்று பார்க்காமல். ஒருத்தன் கையிலும் பேனர் இல்லை.

ஆகவே, மைனர், உன் பணத்தில் பை வாங்கப் போவதில்லை. ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் மருந்துக்கும் வைத்திருக்கிறேன், கணக்கு நோட்டில் இருக்கிறது, வந்து பார். நீ 20-ஆம் தேதி இறங்குகிறாய் அல்லவா, 21 சனிக்கிழமை காலை என் பைக்கில் பின்னால் உட்கார். உன் கையெழுத்து நன்றாக இருக்கும், படிவம் நீதான் எழுதவேண்டும். தங்கச்சி கோபப்பட்டால் நான் சொன்னேன் என்று சொல்.

வரும்போது கோடாலித் தைலம் நாலைந்து கொண்டு வா. ஒன்று அம்மாவுக்கு, மற்றது தாத்தாவுக்கும் அந்தத் தெருக்காரர்களுக்கும். பேரீச்சம்பழம் வேண்டாம், போன தடவை கொண்டுவந்ததே இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

உன்,
குட்டையன்