அக்காவுக்கு: ஜூலையில் லோட்சென்டால்

அன்புள்ள அக்கா,

இன்று மே 28. நாங்கள் இத்தனை வருடமும் போய்வந்த சுவிஸ் லோட்சென்டால் பள்ளத்தாக்கில், பிளாட்டன் ஊர் 2025இல் மலை சரிந்து மண்ணுக்குள் போய் ஒரு வருடம். நடந்ததை உங்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, அன்று பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் ஃபோனில்தானே இருந்தோம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் ஒரு கிழமைக்குக் கிப்பலில் வீடு பதிந்துவிட்டேன். உங்களுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் "அங்கே இனி என்ன இருக்கு?" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அப்படி ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் அதை மீறிப் பதிய எனக்கு மனம் வராது.

அங்கே என்ன இருக்கு என்றால், மூன்று ஊர்கள் இருக்கின்றன. ஃபெர்டன், கிப்பல், வீலர். பிளாட்டன் நான்காவது, பள்ளத்தாக்கின் உள்கோடி. வீலர் 1900இல் தீப்பிடித்து எரிந்துபோன ஊர். அதைத் திரும்பக் கட்டினார்கள். இன்று லௌகெர்னால்ப்புக்கு ஏறும் கேபிள் கார் அங்கேதான் நிற்கிறது, நீங்கள் ஒவ்வொரு முறையும் பாண் வாங்கிய கடையும் அங்கேதான். பிளாட்டன்காரரும் ஊரைத் திரும்பக் கட்டப்போகிறோம் என்றுதான் சொல்கிறார்கள். விடுமுறைக்கு வருபவர்கள் எல்லாரும் பயந்து திரும்பிவிட்டால் மிச்ச மூன்று ஊரும் எதை வைத்துப் பிழைக்கும்?

பிளாட்டனில் அந்தக் களஞ்சியத்தடியில் நீங்கள் நின்றது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வெயில் சுட்டுக் கறுத்த லார்ச் மரக் களஞ்சியம். நான்கு மூலையிலும் குட்டையான மரக்கால்கள், ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான தட்டைக் கல், அதற்கு மேலே முழுப் பாரமும். கால் வழியாக ஏறி வரும் எலி அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கி விளிம்பைத் தாண்ட முடியாமல் விழுந்துவிடும். உள்ளே ரை என்ற தானியத்தின் கதிரை அடித்துச் சேர்த்து வைப்பார்கள். ஒரு களஞ்சியம் பல குடும்பங்களுக்குப் பங்காக இருக்கும், பங்கு பிள்ளைகளிடம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். நீங்கள் உள்ளங்கையை அந்தக் கல்லின் அடியில் வைத்துத் தடவிப் பார்த்தீர்கள். சாம்பல் நிறம், ஓரம் கரடு, அடிப்பக்கம் மட்டும் வழவழப்பு. அப்பு நெல் மூட்டைக்குக் கீழே கல் அடுக்கியதைச் சொன்னீர்கள். பிறகு நெடுநேரம் கதைத்தீர்கள். ஊரை விட்டு வந்ததன் பிறகு நீங்கள் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. என்ன கதைத்தீர்கள் என்று இங்கே எழுதமாட்டேன், இதை ஊரவரும் வாசிப்பார்கள். அந்தக் களஞ்சியம் இன்று எங்கே கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்காக, "ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிட்டது" என்று நீங்கள் குரூப்பில் எழுதியதை நான் ஏற்கமாட்டேன். ஊர் புதைந்த அந்த வீடியோவை அவ்வளவு தரம் அனுப்பியதும் எனக்குப் பிடிக்கவில்லை. அது பிறர் வீடு, அக்கா.

ஒரு நொடியில் நடந்ததல்ல அது. க்ளைனஸ் நெஸ்ட்ஹோர்ன் மலை மேலே உடைந்து, பாறை பாறையாகக் கீழேயிருந்த பிர்ச் பனியாற்றின் முதுகில் விழுந்து குவிந்தது. ஏறத்தாழ 90 லட்சம் தொன் பாரம் என்று கணக்கிட்டார்கள். சுற்றியுள்ள பனியாறுகள் எல்லாம் சுருங்கிக்கொண்டு போக, இது மட்டும் சில வருடங்களாகவே முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. கடைசி நாட்களில் ஒரு நாளைக்கு 10 மீட்டர் வரை நகர்ந்தது. இதையெல்லாம் அளந்துகொண்டே இருந்தார்கள். மே 19ஆம் தேதியே ஏறத்தாழ 300 பேரையும் வீட்டை விட்டு எழுப்பினார்கள், மாடுகளையும் வெளியே கொண்டுவந்தார்கள். லோன்ஸா ஆறு அடைபட்டு, உடைத்துக்கொண்டு வந்தால் தாங்குவதற்குக் கீழே ஃபெர்டன் அணையைக் காலியாக வைத்தார்கள். ஒருவர் இறந்தார், அது இழப்புத்தான். ஆனால் ஊரே படுத்துறங்கும் நேரத்தில் ஒன்றும் தெரியாமல் போனது என்ற மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயங்காட்டாதீர்கள். மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

பயம் என்றால் ரயில் போகிற பாதையிலும் இருக்கிறது. கண்டர்ஸ்டெக்குக்கும் கொப்பென்ஸ்டைனுக்கும் இடையிலான பழைய லோட்ஷ்பெர்க் சுரங்கம் 1906இல் தொடங்கி 1913இல் திறந்தது. 1908 ஜூலை 24 அன்று காஸ்டெர்ன் பள்ளத்தாக்குக்கு அடியில் தோண்டும்போது, மேலே பாறைதான் என்று நினைத்த இடத்தில் பாறை இருக்கவில்லை. தண்ணீரும் மணலும் சரளைக் கல்லும் உள்ளே பாய்ந்து 25 தொழிலாளர்கள் செத்தார்கள். இத்தாலியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அந்தப் பகுதியைச் சுவர் வைத்து மூடிவிட்டு, சுரங்கத்தை வளைத்துக் கொண்டுபோனார்கள். அதனால் நீளம் ஏறத்தாழ 800 மீட்டர் கூடி 14.6 கிலோமீட்டர் ஆனது. அந்த வளைவுக்குள்ளால்தான் நாங்கள் இத்தனை வருடமும் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தோம். வேலைக்கென்று பிற நாட்டுக்குப் போவதென்றால் என்ன என்று அத்தானைவிட யாருக்குத் தெரியும்? அதற்கு மேல் அவரைப் பற்றி எழுதவில்லை, அவருக்கு விருப்பமிருக்காது.

இனி வரும் வழி. பெர்னில் இன்டர்சிட்டியில் ஏறாதீர்கள். அது 2007இல் திறந்த அடிச்சுரங்கத்தால் நேரே ஃபிஸ்ப்புக்குப் போய்விடும், நாங்கள் இறங்க வேண்டிய கொப்பென்ஸ்டைனில் நிற்காது. கண்டர்ஸ்டெக் வழியாகப் பிரிக் போகும் ரெகியோ எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். அதிலும் கவனம்: ஸ்பீட்ஸில் ரயிலைப் பிரிப்பார்கள், ஒரு பாதி ஸ்வைஸிம்மனுக்குப் போகும். பெட்டிக் கதவடியில் பிரிக் என்று போட்டிருக்கிறதா பார்த்து ஏறுங்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஜூனியர் கார்ட் எடுத்துவிடுங்கள், வருடத்துக்கு 30 பிராங், பெற்றோருடன் வந்தால் வேறு டிக்கெட் வேண்டாம். கொப்பென்ஸ்டைனில் ஸ்டேஷன் வாசலிலேயே மஞ்சள் போஸ்ட் பஸ் நிற்கும். அத்தான் காரில்தான் வருவேன் என்றால் கண்டர்ஸ்டெக்கில் காரை ரயிலில் ஏற்றலாம், கால் மணித்தியாலப் பயணம். சனிக்கிழமை முற்பகலில் மட்டும் வர வேண்டாம், வரிசை நீளும்.

நடை. வழக்கமாகப் பிளாட்டனுக்கு அப்பால் இருக்கும் ஃபஃப்லெரால்ப்பிலிருந்து தொடங்குவோம். இம்முறை அந்தப் பக்கம் வேண்டாம். வீலருக்கு அப்பால் பள்ளத்தாக்கின் உள்பக்கம் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைக் கெமைண்டே, அதாவது ஊர் நிர்வாகம், சொல்லட்டும், நாங்கள் துருவிக்கொண்டு போகக் கூடாது. கேபிள் காரில் லௌகெர்னால்ப் ஏறி, ஹொக்கெனால்ப், கும்மெனால்ப், ரெஸ்டியால்ப் வழியாக ஃபால்டுமால்ப் வரை மேற்கே நடப்போம். மேலே இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றால் மண் மேடு இடது பக்கம் தெரியும். நாங்கள் போவது வலது பக்கம். பார்க்க விருப்பமில்லையென்றால் நீங்கள் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை.

ஃபால்டுமால்ப்பிலிருந்து ஃபெர்டனுக்கு ஏறத்தாழ 660 மீட்டர் இறக்கம். உங்கள் முழங்காலுக்கு அது ஆகாது. நீங்கள் கும்மெனால்ப் வரை வந்து, வந்த வழியே திரும்பி கேபிள் காரில் இறங்குங்கள். ஏறும்போதே கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள். பாதையோர மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நடை நேரத்தில், இடையில் உட்கார்ந்து சாப்பிடும் நேரம் சேர்ந்திருக்காது, உங்களுக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள். வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பாதை, வழுக்காத அடி உள்ள சப்பாத்துத்தான் சரி. ஜூலையில் பின்னேரம் இடி இடிக்கும், முதல் கேபிள் காரில் ஏறினால் மத்தியானத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். கன்றோடு நிற்கும் மாட்டுக்குக் கிட்டப் போகப் பிள்ளைகளை விடாதீர்கள்.

இவ்வளவும் எழுதுவது ஏன் என்றால், நீங்கள் "வழி தெரியாது, கால் ஏலாது" என்று சாட்டுச் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்குத்தான். உண்மையான காரணம் வேறு. ஊரில் இருந்த எங்கள் வீட்டையும் நீங்கள் போய்ப் பார்க்கவில்லை. இடிந்ததை எதற்குப் பார்ப்பது என்றீர்கள். அப்போது எனக்கும் சேர்த்து நீங்களே முடிவெடுத்தீர்கள், நானும் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. இம்முறை நான் முடிவெடுத்திருக்கிறேன். உங்களுக்கு வலித்தால் மன்னியுங்கள், ஆனால் ரத்துச் செய்யமாட்டேன்.

காலையில் வெயில் வரும் பக்கத்து அறையை உங்களுக்கென்று கேட்டிருக்கிறேன். படுக்கை விரிப்பும் துவாயும் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். முன்பணம் கட்டியாகிவிட்டது, மிச்சக் காசை ஜூன் 15க்கு முன்னர் அனுப்ப வேண்டும். அதற்குள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். அத்தான் வராவிட்டாலும் நீங்கள் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி