கரிப்பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரி வடிகட்டி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'கரி மாசை உறிஞ்சிவிடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது உறிஞ்சுவது இல்லை, பரப்பு கவர்தல். ஆவி கரியின் நுண்துளைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, இடம் இருக்கிறவரை. அந்த இடக்கணக்கில்தான் நான் ஏமாந்தேன்.

பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, கோ.புதூரில் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். தின்னர் வாடை தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வந்தார். சரி என்று போன ஐப்பசியில், புகை வெளியேறும் குழாயில் 50 கிலோ சிரட்டைக்கரி போட்ட பெட்டி ஒன்றை மாட்டினேன். விற்றவர் கணக்கு இது: கரி தன் எடையில் 20 சதவீதம் பிடிக்கும், அதாவது 10 கிலோ. நாளுக்கு 250 கிராம் ஆவி. ஆக 40 நாள். 17ஆம் நாளே அக்கா மறுபடி வாசலில் நின்றார்.

பெட்டியைக் கழற்றி எடை போட்டேன். எடை நன்றாகவே கூடியிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, கூடியதில் பாதி அடைமழை ஈரம்!

பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மின்விளக்குக் கம்பெனியில் வேலை பார்த்த அமெரிக்க வேதியியலாளர் லாங்மூர், இந்த ஒட்டிக்கொள்ளுதலுக்கு 1918இல் சொன்ன விளக்கம் எளிமையானது. பஸ் சீட் போல, ஓர் இடத்துக்கு ஒரு மூலக்கூறுதான். காற்றில் ஆவி குறைவாக இருந்தால் நிரம்பும் சீட்டும் குறைவு. வெயில் ஏறினால் உட்கார்ந்தது எழுந்து போகும். மழைக்காலத்திலோ நீராவி முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடும். விற்றவரின் 20 சதவீதம் 25 டிகிரியில், உலர்ந்த காற்றில், அடர்ந்த ஆவிக்கு எடுத்த அளவு. என் பட்டறையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, கரி நுழைவாயில் பக்கத்திலிருந்துதான் நிரம்பிக்கொண்டு வரும். கடைசிப் பகுதி முழுதாக நிரம்பும் முன்பே வாடை வெளியே கசிந்துவிடும். 'முழுக்கொள்ளளவு' என்ற பேச்சே அதனால் பட்டறைக்குச் செல்லாது.

ஆகவே எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரப்பதத்தில், எந்த ஆவி அடர்த்தியில் அளந்தது என்பதைப் பெட்டியிலேயே அச்சிடச் சொல்லி எழுதுங்கள். அடுத்த பெட்டிக்கு விலை கேட்டிருக்கிறேன். விலை மறுநாளே வந்துவிட்டது. ஈரப்பதம் பற்றிய கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
பீரோ பெயிண்ட் பட்டறைக்காரர்,
கோ.புதூர், மதுரை