போட்டுப் பார்க்கச் சொன்ன பெருந்தகைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த ஊர்க்காரர் எந்தச் சரக்கை எந்த நாளில் வாங்கினார் என்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்கும் கட்டப் புதிருக்குச் சென்ற ஞாயிறு இணைப்பில் விடை தந்த தாங்கள், ‘சில இடங்களில் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்’ என்று கீழே ஒரு வரியும் அருளியிருந்தீர்கள். “அப்புச்சி, பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார்கள்” என்று என் பேத்தி ரப்பரும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். நான்கு முறை அழித்ததில் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

போட்டுப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? கொப்பரை வாங்கியவருக்கு மறுநாள் மஞ்சள் வாங்கியவர் வந்தார் என்கிறது மூன்றாம் குறிப்பு. மஞ்சள் வாங்கியவருக்கு முந்தின நாள் வந்தவர் காங்கேயத்துக்காரர் என்கிறது ஆறாம் குறிப்பு. நாளுக்கு ஒருவர்தான் வருகிறார். அப்படியானால் கொப்பரை யாருடையது? அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால், குறுக்கிலும் நெடுக்கிலும் ஆறு கட்டங்களுக்குப் பெருக்கல் குறி விழுந்துவிடும். நான்கு ஊர், நான்கு சரக்கு, நான்கு நாள். போட்டுப் பார்க்கக் கிளம்பினால் 576 வழி.

ஈரோட்டு மஞ்சள் மண்டியொன்றில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். ஒருநாள் 270 ரூபாய் உதைத்தது. இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். 270 வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று அதை மட்டும் தேடினேன். 850 என்பது 580 ஆக ஏறியிருந்தது. தங்கள் வழியில் போயிருந்தால் இன்னும் மண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

போட்டுப் பார்த்து, முரண்பட்டால் நீக்குவதும் தர்க்கம்தானே என்பீர்கள். முரண்பட்டால் சரி. முரண்படாமல் பொருந்திவிட்டால், வேறு விடை இல்லை என்று எப்படித் தெரியும்? பொங்கல் இதழில் ஒரு குறிப்பு விட்டுப்போய், தங்கள் விடையும் பொருந்தியது, என் விடையும் பொருந்தியது. எழுதினேன், பதில் இல்லை. ஐந்து வீட்டுக்காரர்களில் வரிக்குதிரை யாருடையது என்று கேட்கும் புதிரை ஐன்ஸ்டைன் தலையில் கட்டியபோதும் எழுதினேன். அது 1962இல் லைஃப் இன்டர்நேஷனல் இதழில் வந்தது. ஐன்ஸ்டைன் காலமானது 1955இல். அவர் இயற்றினார் என்பதற்கு ஆதாரமே கிடையாது. தாங்கள் அறியாததா!

நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப் பக்கம், புதிருக்குத் தீப்பெட்டி அகலம். பென்சில் முனை நுழையும் அளவுக்காவது கட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கோபிசெட்டிபாளையம்