விறகாகப் போகும் சவுக்கு மரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையக வீடமைப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் நிறைய வருகிறது. 7 பேர்ச் காணி, சிமெந்து, தகரம் எல்லாம் பேசுகிறோம், ஆனால் கூரைக்கு மரம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதைக் காணோம். தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கும் (மலையகத்தில் நாம் அப்படிச் சொல்லும் கிரெவிலியா) அல்பீசியாவும் முற்றி, வெட்டும் நாள் வந்ததும் எத்தனையோ மரம் தொழிற்சாலை அடுப்புக்குத்தான் போகிறது. கைமரத்துக்கும் சலாகைக்கும் நாம் வேறெங்கோ காசு கொடுக்கிறோம்.

மரக்காலையில் கேட்டால் காரணம் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தோட்டத்து யூகலிப்டஸை அறுக்கும்போது பார்த்தால் தெரியும், வாள் உள்ளே போகப் போகப் பலகை வளைந்து விலகும், வெட்டிப் போட்ட கட்டையின் முனை வெடிக்கும், அது மேலும் பிளக்காமல் இருக்க எஸ் வடிவ இரும்புத் தகட்டை அடித்து வைத்திருப்பார்கள். வளரும்போதே மரத்துக்குள் இறுகி நிற்கும் விசை அறுத்தவுடன் விடுபடுவதால் வரும் வினை இது.

சரி, ஒரே கட்டையாக எடுக்க வேண்டாம். மெல்லிய பலகைகளாக அறுத்து, ஈரம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை உலர்த்தி, கணுவையும் வெடிப்பையும் வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தை விரல் கோத்தாற்போல முனைக்கு முனை இணைத்து அடுக்கி ஒட்டினால் நீளமான, நேரான உத்தரம் கிடைக்கும். ஜெர்மனியில் ஒட்டோ ஹெட்சர் என்ற தச்சர் பலகைகளை அடுக்கி ஒட்டும் முறைக்கு 1906இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் 2017இல் திறந்த புற்றுநோயாளர் ஆதரவு நிலையத்தை, பெரும்பாலும் தளபாடத்துக்குப் போகும் டியூலிப் மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகைகளால்தான் கட்டினார்கள்.

எல்லா மரத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அல்பீசியா மிக இலேசு, பாரம் தாங்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. தளபாடத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையும் கூரைக்கு ஆகாது, ஈரத்தையும் வெயிலையும் தாங்கும் ரிசோர்சினோல் போன்ற பசைதான் வேண்டும். கறையானுக்கும் உளுப்புக்கும் போரோன் மருந்து ஏற்ற வேண்டும். அப்புறம், காட்டில் கை வைக்கவும் நான் கேட்கவில்லை. எப்படியும் வெட்டி மறுநடுகை செய்யும் தோட்டத்து மரங்களைத்தான் சொல்கிறேன்.

பேராதனைப் பொறியியல் பீடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சவுக்கு, யூகலிப்டஸ், பைனஸ் மூன்றிலும் உத்தரம் செய்து, முறியும்வரை பாரம் ஏற்றிப் பார்த்து, எத்தனை அடி இடைவெளிக்கு எந்தக் கனத்தில் மரம் போட வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டவணை வெளியிடட்டும். அது கையில் இருந்தால் அடுத்த வீட்டுத் திட்டத்தில் எங்கள் தச்சர்களே இந்த மரத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்