போனில் சொல்லாதது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. போன மாதம் எனக்கு வைரஸ் காய்ச்சல் என்று அம்மா போனில் சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அந்த ஒன்பது நாளும் வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். காரணம் ஒரு சங்கரா மீன் முள்.

முள்ளை விழுங்கியதாகவே எனக்கு நினைவில்லை. வலது அடிவயிற்றில் வலி எடுத்து, மறுநாள் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்துகொண்டபோது, குடல்வால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மீன் முள் பெரும்பாலும் அதில் தெரியாதாம். சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், குடலைத் துளைத்துக்கொண்டு வெள்ளைக் கோடு போல அது நிற்பது தெரிந்தது. மூன்று சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை தையல் ஊசி, மறுமுனை சற்றே தட்டை. விழுங்கிய முள் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும், குடலைத் துளைப்பது நூற்றில் ஒன்றுகூட இராது என்றார் சர்ஜன். மெல்ல மெல்லத் துளைத்ததால், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வு ஓட்டையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கசிவை வயிறு முழுவதும் பரவவிடாமல் தடுத்திருக்கிறது.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பல் செட் போட்டிருக்கிறீர்களா?" என்பதுதான். மேல் செட் அண்ணத்தை மூடிவிடுவதால், வாயில் முள் நெருடுவதே தெரியாமல் போகிறது. ஆறு வருடமாகச் செட்டைப் போட்டுக்கொண்டு, இருபது வயதுக்காரனைப் போல டி.வி. பார்த்தபடியே மீன் தின்றிருக்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்குப் புதிதாகப் பல் செட் கட்டியிருப்பதாக நீ சொன்னாய் அல்லவா, அதனால்தான் இனியும் மறைக்க மனம் வராமல் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு மீனை உதிர்த்து, விரலால் தடவிப் பார்த்துப் பரிமாறு. முள் சிக்கினால் நம் வீட்டு வழக்கப்படி சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லாதே. டாக்டரிடம் அழைத்துப் போ. சில நாள் கழித்து வயிறு வலித்தாலும், மீன் சாப்பிட்டதையும் செட் போட்டிருப்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்.

தையல் நன்றாக ஆறிவிட்டது. முள்ளைச் சிறு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். தூக்கி எறியச் சொல்லி அம்மா தினமும் சண்டை; நீ வந்து பார்க்கும்வரை அது என் மேசையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா